தெரியாத வானத்தின் கீழ் முதல் இரவு: தெற்கே பயணம் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

முதன்முறை தென் அரைக்கோளத்திற்குச் சென்றபோது, மலிவாகக் கிடைத்த விமானச்சீட்டைப் பார்த்துத் தேதியை முடிவு செய்தேன். போய் இறங்கியபின்தான், பௌர்ணமிக்கு இரண்டே நாட்கள் இருப்பதைக் கவனித்தேன். கையோடு கொண்டுசென்ற லேசர் சுட்டி விமான நிலையத்தோடு நின்றுவிட்டது. அதைவிட வெட்கமான செய்தி ஒன்று உண்டு: தெற்குச் சிலுவை என்று நம்பி இரண்டு இரவுகள் நான் படமெடுத்தது உண்மையில் வேறொரு நான்கு விண்மீன்களை. திரும்பி வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே அது தெரியவந்தது. அடுத்த பயணத்தை ஓரளவு ஒழுங்காகத் திட்டமிட்டேன். இரண்டுக்கும் இடையில் கற்றுக்கொண்டவற்றை, இனிப் போகிறவர்களுக்கு உதவும் என்று கருதி வரிசைப்படுத்தித் தருகிறேன்.

நீங்கள் வட அரைக்கோளத்தில் வசிப்பவர், வானியலில் ஆர்வம் உண்டு, ஆனால் தேர்ச்சி இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வடக்கு நோக்கிப் போகிறவர்களுக்கான குறிப்புகளும் ஆங்காங்கே உண்டு.

1. எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள்

"தெற்கு வானம் பார்க்க வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு புறப்பட்டால், தவறான மாதத்தில் போய் இறங்குவீர்கள். ஏனெனில் நிலையான வானம் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு விண்மீன் குழுவும் மாலை நேரத்தில் உச்சிக்கு வரும் மாதம் ஒன்று உண்டு. தெற்கே சுமார் 30 டிகிரி அட்சரேகையில், இரவு ஒன்பது மணியளவில் வானம் எப்படி இருக்கும் என்பதைத் தோராயமாகச் சொல்கிறேன்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வேட்டைக்காரன் என்னும் ஓரையன் வடக்கு வானில் தலைகீழாக நிற்கும். சிரியஸ் ஏறத்தாழ உச்சிக்கு அருகிலும், அகத்தியர் என்று நாம் அழைக்கும் கனோபஸ் தெற்கே மிக உயரத்திலும் இருக்கும். மேகத் துண்டு போலத் தெரியும் விண்மீன் மண்டலமான பெரிய மகெல்லன் மேகத்தைப் பார்க்க இதுவே நல்ல காலம். மே மாதத்தில் தெற்குச் சிலுவை, அதாவது திரிசங்கு, செங்குத்தாக நிமிர்ந்து உயரத்தில் நிற்கும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை விருச்சிகமும் தனுசும் தலைக்கு மேலே வரும். பால்வீதியின் மையப்பகுதி நேர் உச்சியில் வருவது இந்தப் பருவத்தில்தான், தெற்கு 29 டிகிரியை ஒட்டிய இடங்களில்தான். அக்டோபர், நவம்பரில் சிறிய மகெல்லன் மேகமும் அதன் அருகிலுள்ள 47 டுகானே என்னும் கோளக விண்மீன் திரளும் (பந்து போல நெருங்கித் திரண்ட விண்மீன் கூட்டம்) நன்றாக உயர்ந்திருக்கும்.

இந்தக் கடைசி மாதங்களில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அக்டோபர், நவம்பர் மாலைகளில் தெற்குச் சிலுவை தொடுவானத்தை ஒட்டிப் படுத்துக் கிடக்கும்; தெற்கு 25 டிகிரியில் இருந்தால் அது முழுமையாகவே தொடுவானத்திற்குக் கீழே போய்விடும். சிலுவையைப் பார்க்கவே புறப்படுகிறவர் அந்த மாதங்களைத் தவிர்க்க வேண்டும், அல்லது விடியும் முன் எழுந்து பார்க்க மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு தெற்கே போக வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. வடக்கில் இருப்பவர், 90-இல் இருந்து தம் அட்சரேகையையும் அந்த விண்மீனின் தெற்கு நடுவரை விலக்கத்தையும் (வான நடுக்கோட்டிலிருந்து அது தெற்கே எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறது என்பது) கழித்தால், அது தெற்குத் தொடுவானத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு உயரும் என்பது கிடைக்கும். சிலுவையின் விலக்கம் ஏறக்குறைய தெற்கு 60 டிகிரி. ஆகவே வடக்கு 10 டிகிரியில் இருப்பவருக்கு அது 20 டிகிரி வரை உயரும். வடக்கு 50 டிகிரியில் இருப்பவருக்கு ஒருபோதும் உதிக்காது. பெரிய மகெல்லன் மேகத்தின் விலக்கம் ஏறக்குறைய தெற்கு 70 டிகிரி. வடக்கு 10 டிகிரியில் அது வெறும் 10 டிகிரி உயரத்திற்குத்தான் வரும், அந்த உயரத்தில் காற்றின் தடிமனும் தூசியும் அதை விழுங்கிவிடும். தெற்கு 30 டிகிரிக்குப் போனால் அதே மேகம் 50 டிகிரி உயரத்தில் நிற்கும். பயணம் எதற்கு என்ற கேள்விக்கு இந்தக் கணக்கே போதிய விடை.

2. இரவைத் தேர்ந்தெடுங்கள், இடம் அதற்குப் பிறகு

நான் செய்த முதல் தவறு இங்கேதான். விமானச்சீட்டு, விடுதி, விடுமுறை ஆகிய மூன்றையும் முடிவு செய்துவிட்டு நிலவைப் பார்ப்பது, முகூர்த்தம் முடிந்த பிறகு நாள் பார்ப்பது போன்றது. முதலில் அமாவாசைத் தேதிகளைப் பட்டியலிடுங்கள்; மற்றதெல்லாம் அதைச் சுற்றி அமையட்டும்.

நிலவு ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. தேய்பிறை அட்டமியில் அது நள்ளிரவை ஒட்டி உதிப்பதால், மாலை முழுவதும் இருட்டு கிடைக்கும். அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறை வரை நிலவு சீக்கிரமே மறைந்துவிடும். ஆகவே மாலையில் வானம் பார்க்க விரும்புவோருக்குத் தேய்பிறை அட்டமி முதல் வளர்பிறை மூன்றாம் நாள் வரை ஏறத்தாழ பத்து நாட்கள் பயன்படும். விடியற்காலையில் பார்ப்பவருக்கோ கணக்குத் திரும்பிவிடும். வளர்பிறை அட்டமியில் நிலவு நள்ளிரவுக்கு மறைந்துவிடுவதால் பின்னிரவு முழுவதும் அவருக்குச் சொந்தம். மார்ச் மாதத்தில் பால்வீதி மையத்தைப் பார்க்க விரும்புகிறவர் விடியலுக்கு முன்தான் பார்க்க முடியும் என்பதால், அவர் இந்த இரண்டாவது கணக்கைப் பின்பற்றலாம். நேர மண்டலம் மாறும்போது அமாவாசைத் தேதி ஒரு நாள் முன்பின் ஆகலாம். போகும் ஊரின் நேரப்படி சரிபாருங்கள்.

அடுத்து, இரவின் நீளம். சூரியன் தொடுவானத்திற்கு 18 டிகிரி கீழே சென்ற பிறகே வானம் முழுமையாக இருட்டுகிறது. வெப்பமண்டலத்தில் சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரத்திற்குள் இது நடந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு உயர் அட்சரேகைக்குப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். நியூசிலாந்தின் தென்தீவில் டிசம்பர் மாதத்தில் முழு இருட்டு நள்ளிரவுக்குப் பிறகு சில மணி நேரம்தான். வடக்கே 49 டிகிரியைத் தாண்டிய ஊர்களில் ஜூன் பிற்பாதியில் முழு இருட்டு வருவதே இல்லை. தெற்கில் குளிர்காலமான ஜூன், ஜூலையில் இரவுகள் நீளமானவை; பால்வீதி மையமும் அப்போதே உச்சியில் இருப்பது நம் நல்லூழ்.

எத்தனை இரவுகள் தங்குவது? ஓர் இரவு தெளிவாக இருக்கும் வாய்ப்பு பாதி என்று வைத்தால், மூன்று இரவுகளில் ஒன்றாவது தெளிவாக அமைய எட்டில் ஏழு பங்கு வாய்ப்பு உண்டு. மேகம் வந்தால் இரண்டு மூன்று நாள் சேர்ந்தே வருவதால் நடைமுறையில் இது இன்னும் குறையும். மூன்று இரவு குறைந்தபட்சம். ஐந்து கிடைத்தால் நிம்மதி.

3. இடம்: இருட்டு, மேகம், உயரம்

வானத்தின் இருட்டை 1 முதல் 9 வரை எண்ணிக் குறிக்கும் போர்ட்டில் அளவுகோல் 2001-இல் வெளிவந்தது. 1 என்பது மாசற்ற வானம். 9 என்பது மாநகரின் நடுப்பகுதி. ஒளிமாசு வரைபடங்களில் இந்த எண்ணைப் பார்த்து, 1 அல்லது 2 உள்ள இடத்தை நாடுங்கள். 4-க்கு மேல் உள்ள இடத்திற்காக நீண்ட பயணம் போவது வீண்.

தெற்கில் பலரும் நாடும் இடங்கள் சில உண்டு. சிலியின் அட்டகாமா பாலைவனம், நமீபியாவின் நமிப்ராண்ட் காப்பகம், நியூசிலாந்தின் ஆவோராக்கி மெக்கன்சி இருண்ட வானக் காப்பகம், ஆஸ்திரேலியாவின் வாரம்பங்கிள் தேசியப் பூங்கா ஆகியவை அவற்றில் அடங்கும். வறண்ட இடம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எந்த மாதத்திலும் போய்விடக் கூடாது. அட்டகாமாவின் மேட்டுநிலத்தில் ஜனவரி, பிப்ரவரியில் மேகமும் மழையும் வருவதுண்டு. நமீபியாவின் மழைக்காலமும் ஏறக்குறைய அதே மாதங்கள்தான், மே முதல் செப்டம்பர் வரை அங்கு வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும்.

உயரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மேலே போகப் போக வானம் தெளிவாகும் என்பது உண்மை; ஆனால் ஆக்சிஜன் குறையும்போது இருட்டில் பார்க்கும் திறனும் குறையும். ஹவாயின் மௌனா கியா உச்சி 4,200 மீட்டரைத் தாண்டியது. 2,800 மீட்டரில் உள்ள பார்வையாளர் மையத்தில் முதலில் நின்று உடலைப் பழக்கிக்கொள்ளச் சொல்வார்கள். அந்த மையத்தருகிலிருந்தே வானம் மிக நன்றாகத் தெரியும். உச்சிக்குப் போய்த் தலைவலியோடு நிற்பதைவிட அது மேல் என்பது என் கருத்து.

4. ஆவணங்கள்: புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே

கடவுச்சீட்டு பயணம் முடிந்த பின்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. விசாவைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள். டிரான்சிட் விசாவை மறந்துவிடுவார்கள். தெற்கு நோக்கிய பயணங்கள் பெரும்பாலும் மூன்றாவது நாடு ஒன்றின் வழியாகவே அமைகின்றன, அந்த நாட்டு விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே சிலருக்கு அனுமதி தேவைப்படும். விமானச்சீட்டு எடுக்கும் முன் இதைச் சரிபாருங்கள், எடுத்த பின் அல்ல.

இருண்ட இடங்களுக்குப் பேருந்து போவதில்லை. ஆகவே வாகனம் ஓட்ட எண்ணமிருந்தால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு உள்நாட்டு உரிமத்தின் மூலப்பிரதியும் கையில் இருக்க வேண்டும். வாடகை வண்டி ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: சரளைச் சாலையில் ஓட்டினால் காப்பீடு உண்டா, சூரியன் மறைந்த பின் ஓட்டினால் உண்டா? விலங்குகள் குறுக்கிடும் பகுதிகளில் இரவு ஓட்டத்திற்குக் காப்பீடு பொருந்தாது என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. வானம் பார்க்கவே போகிறவருக்கு இந்த ஒரு வரி முழுப் பயணத்தையும் மாற்றிவிடும்.

தேசியப் பூங்காக்கள் பலவற்றில் மாலையில் வாயிலை மூடிவிடுவார்கள். உள்ளே தங்குமிடம் பதிவு செய்தவருக்கோ தனி இரவு அனுமதி பெற்றவருக்கோ மட்டுமே இரவில் இடம். நுழைவுச்சீட்டு இருந்தால் போதும் என்று எண்ண வேண்டாம்.

தொலைநோக்கி, விலையுயர்ந்த கேமரா லென்ஸ் ஆகியவற்றைக் கொண்டுபோனால், வாங்கிய ரசீதின் நகலையும் தொடர் எண்களின் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது, அங்கேயே வாங்கியது என்று சுங்க அதிகாரி கருதினால் ஆதாரம் காட்ட உதவும். பயணக் காப்பீட்டில் உயரமலைப் பகுதி, மருத்துவ மீட்பு ஆகியவை அடங்குமா என்பதையும் பார்த்துவிடுங்கள்; இருண்ட இடம் என்றாலே மருத்துவமனையிலிருந்து தொலைவான இடம்தான்.

5. பணம் எங்கே செலவாகும், எங்கே செலவழிக்கலாம்

செலவில் பெரும்பகுதி விமானத்திற்கும் தங்குமிடத்திற்கும் போகும். இதில் நான் மாற்றிக்கொண்ட ஒரு பழக்கம்: ஊருக்குள் மலிவாகத் தங்கி ஒவ்வோர் இரவும் வண்டியில் வெளியே போய்த் திரும்புவதற்குப் பதிலாக, இருட்டுக்குள்ளேயே இருக்கும் விடுதிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துவிடுவது. எரிபொருள், வண்டி வாடகை, இரவு ஓட்டத்தின் ஆபத்து ஆகிய மூன்றையும் கூட்டினால் வித்தியாசம் பெரிதாக இராது. மேகம் கலையும்வரை அறையிலேயே தூங்கி, அதிகாலை இரண்டு மணிக்கு வெளியே வந்து பார்க்கும் வசதி வேறு எதிலும் கிடைக்காது. அத்தகைய விடுதிகளில் அமாவாசை வாரங்கள் முதலில் நிரம்பிவிடும். ஆறு மாதம் முன்பே பதிவு செய்வது நல்லது.

வழிகாட்டியோடு கூடிய வானக் காட்சிக்கு ஓர் இரவு பணம் கொடுங்கள், அதுவும் முதல் இரவே கொடுங்கள். வழி தெரிந்தவர் ஒருவர் இரண்டு மணி நேரத்தில் காட்டிக்கொடுப்பதை, அடுத்த இரவுகளில் நீங்களே தேடிப் பழகலாம். பதிவு செய்யும் முன் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: மேகமாக இருந்தால் பணம் திரும்புமா அல்லது வேறு நாள் தருவார்களா? நிலவு இருக்கும் இரவிலும் நடத்துகிறார்களா? ஒரு தொலைநோக்கிக்கு எத்தனை பேர்? பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் காட்சி நடத்துகிறவர்கள் உண்டு. நிலவையும் கோள்களையும் காட்டி அனுப்பிவிடுவார்கள். அதில் தவறில்லை, ஆனால் நீங்கள் தேடி வந்தது அதுவன்று.

புதிதாகத் தொலைநோக்கி வாங்க வேண்டாம். 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் முன்லென்ஸ் கொண்டது) ஒன்று போதும். ஒமேகா சென்டாரி என்னும் கோளகத் திரள், கரீனா நெபுலா என்னும் ஒளிரும் வாயு மேகம், மகெல்லன் மேகங்கள் எல்லாம் அதில் அழகாகத் தெரியும். கை நடுங்காமல் பார்க்க ட்ரைபாட் பொருத்தும் துளை உள்ளதாக வாங்குங்கள்.

6. பெட்டியில் வைப்பதும் வைக்கக் கூடாததும்

லேசர் சுட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரு மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கையடக்க லேசர் சுட்டிகளை அனுமதியின்றி ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவர முடியாது. விண்மீன் காட்டப் பயன்படும் பச்சை லேசர்கள் பெரும்பாலும் இந்த வரம்பைத் தாண்டியவையே. என்னுடையது போனது இப்படித்தான்.

உதிரி லித்தியம் பேட்டரிகளையும் பவர் பேங்கையும் கைப்பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும். பொதுவாக 100 வாட்-மணி வரை தடையில்லை. அது ஏறத்தாழ 27,000 மில்லியாம்பியர்-மணி. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. தொலைநோக்கி இயக்கும் பெரிய மின்கலப் பெட்டிகள் இந்த வரம்பைத் தாண்டிவிடுவதுண்டு.

ட்ரைபாட் கால்களிலும் நடைக்காலணியிலும் கூடாரத்திலும் ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவித் துடைத்துவிடுங்கள். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உயிரியல் பாதுகாப்புச் சோதனை கடுமையானது. வருகைப் படிவத்தில் கேட்கும்போது மறைக்காமல் அறிவித்துவிடுவதே பாதுகாப்பு.

சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கு ஒன்று அவசியம். உடைகளைப் பொறுத்தவரை, நடக்கும்போது போதும் என்று தோன்றுவதைவிட இரண்டு அடுக்கு கூடுதலாக எடுங்கள். அசையாமல் நின்று மேலே பார்ப்பவருக்குக் குளிர் வேறு விதமாக ஏறும். பாலைவன இரவு பகலின் வெயிலை நினைவில் வைத்திருப்பதில்லை.

7. வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள்

ஸ்டெல்லேரியம் போன்ற செயலியில் இடத்தைப் போகும் ஊராகவும், தேதியைப் போகும் நாளாகவும் மாற்றி, மாலை ஏழு மணி முதல் விடியும்வரை வானத்தை ஓட்டிப் பாருங்கள். இணையம் இல்லாமல் வேலை செய்கிறதா என்பதையும் சோதியுங்கள். இங்கே ஒரு பொறி: இடத்தை மாற்றினாலும் நேர மண்டலம் பழையதாகவே நின்றுவிடுவதுண்டு. திரையில் காணும் வானமும் தலைக்கு மேலுள்ள வானமும் சில மணி நேரம் விலகியிருந்தால், பிழை வானத்தில் இல்லை.

வட்டமாகச் சுழற்றும் அட்டை வான வரைபடம் ஒவ்வோர் அட்சரேகைக்கும் தனித்தனியாகச் செய்யப்படுவது. வடக்கில் வாங்கியது தெற்கில் உதவாது.

நாடி பார்ப்பது போலக் கையால் வானத்தை அளக்கவும் பழகுங்கள். கையை முழுமையாக நீட்டினால் சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ 1 டிகிரி, நடு மூன்று விரல்கள் 5 டிகிரி, மூடிய முட்டி 10 டிகிரி.

8. முதல் மாலை: இருட்டும் முன்பே வெளியே வாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். மிக இருண்ட வானத்தில் விண்மீன் குழுக்களை அடையாளம் காண்பது எளிது என்று நினைப்போம். உண்மையில் அது கடினம். ஆயிரக்கணக்கான விண்மீன்கள் ஒரே நேரத்தில் தோன்றும்போது, நகரத்தில் நாம் பழகிய கோலங்கள் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும். அந்திநேரத்தில் பிரகாசமான பத்துப் பன்னிரண்டு விண்மீன்கள் மட்டும் தலைகாட்டும்போதே அவற்றை அடையாளம் கண்டுவிட்டால், இருட்டிய பிறகு அவை நட்டுவைத்த கம்பங்களாக நிற்கும்.

சூரியன் மறைந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; அது மேற்கு, பருவத்திற்கேற்பச் சற்று விலகியிருக்கும். கைத்திசைகாட்டியை நம்பினால், காந்த விலக்கத்தை, அதாவது முள் காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தை, சரிசெய்யுங்கள். நியூசிலாந்தில் அது 20 டிகிரியைத் தாண்டும். அதாவது இரண்டு முட்டி அகலத்துக்கு மேல் பிழை.

இப்போது வடக்கு நோக்கி நில்லுங்கள். தெரிந்த விண்மீன்கள் எல்லாம் இங்கேதான் இருக்கும், ஆனால் தலைகீழாக. ஓரையனின் இடைவார் விண்மீன்கள் மூன்றும் அப்படியே இருக்க, திருவாதிரை கீழேயும் ரைஜெல் மேலேயும் இருக்கும். கிழக்கு உங்கள் வலப்பக்கம் இருப்பதால் விண்மீன்கள் வலமிருந்து இடமாக நகரும். வளர்பிறையின் ஒளிப்பகுதி இடப்பக்கம் இருக்கும். குழப்பமாக இருந்தால் தெற்கு நோக்கி நின்றபடி முதுகை வளைத்துப் பின்பக்கமாக வடக்கைப் பாருங்கள். பழகிய கோலம் நிமிர்ந்துவிடும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

அடுத்துத் தெற்கு நோக்கித் திரும்புங்கள். வடக்கில் துருவ விண்மீனைத் தேடிப் பழகியவருக்கு இங்கே வெற்றிடம்தான் காத்திருக்கும். தெற்கு வானம் சுற்றிச் சுழலும் புள்ளியான தெற்கு வான துருவத்தின் அருகிலுள்ள சிக்மா ஆக்டாண்டிஸ் கண்ணுக்குத் தெரியும் எல்லையை ஒட்டிய மங்கலான விண்மீன். அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். துருவத்தின் உயரம் நீங்கள் நிற்கும் அட்சரேகைக்குச் சமம். அதைக் கண்டுபிடிக்க, சிலுவையின் நீண்ட அச்சை அதன் காலடி வழியாக நான்கரை மடங்கு நீட்டுங்கள். பக்கத்தில் சிலுவையைச் சுட்டி நிற்கும் இரட்டை விண்மீன்களான ஆல்பா சென்டாரியையும் பீட்டா சென்டாரியையும் இணைக்கும் கோட்டின் நடுவிலிருந்து செங்குத்தாக இன்னொரு கோடு போட்டால், முன்னதை அது வெட்டும் இடமே துருவம். அங்கிருந்து நேர் கீழே இறங்கினால் தொடுவானத்தில் சரியான தெற்கு. சிலுவை தாழ்ந்திருக்கும் மாதங்களில், பீட்டா சென்டாரிக்கும் அகெர்னார் என்னும் பிரகாசமான விண்மீனுக்கும் ஏறத்தாழ நடுவில் துருவம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை ஏமாற்றிய போலிச் சிலுவை பற்றி. மார்ச், ஏப்ரல் மாதங்களின் முன்னிரவில் அது உண்மைச் சிலுவையைவிட உயரமாக, கண்ணில் படும்படி நிற்கும். உண்மைச் சிலுவையோ அப்போது தென்கிழக்கில் சாய்ந்திருக்கும். போலிச் சிலுவை பெரியது, மங்கலானது, அதைச் சுட்டும் இரட்டை விண்மீன்கள் அருகில் இல்லை. உண்மைச் சிலுவை சிறியது: நீளம் 6 டிகிரி, நீட்டிய கையின் மூன்று விரல்களுக்குச் சற்றே மிகுதி. அதனருகில் கரிமூட்டை எனப்படும் கருந்திட்டு, பால்வீதியில் யாரோ மை கொட்டியது போல இருக்கும். இரண்டு சுட்டி விண்மீன்கள் தெரியும்வரை எதையும் சிலுவை என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

9. கண்ணுக்கு நேரம் கொடுங்கள்

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கைப்பேசித் திரையை ஒரு முறை பார்த்தால் அந்தக் கணக்கு மறுபடி தொடக்கத்திலிருந்து. செயலியில் சிவப்பு நிறத் திரை வைத்திருந்தாலும், வரும் அறிவிப்புகள் வெள்ளையாகவே மின்னும். விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டுப் பையில் போடுங்கள்.

தெற்கு வானில் மேகத் துண்டுகள் இரண்டு நின்றுகொண்டே இருந்தால், மனம் சோர்ந்து மூட்டை கட்ட வேண்டாம். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். பின்னணி விண்மீன்களோடு சேர்ந்தே நகர்ந்திருந்தால் அவைதான் மகெல்லன் மேகங்கள், சுமார் 1,60,000 ஒளியாண்டும் 2,00,000 ஒளியாண்டும் தொலைவிலுள்ள இரண்டு விண்மீன் மண்டலங்கள். அதேபோல, ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை அந்தி முடிந்ததும் மேற்கில் கூம்பாக எழும் மங்கிய ஒளி, தொலைவிலுள்ள ஊரின் வெளிச்சம் அன்று. சூரியனைச் சுற்றியுள்ள தூசியில் பட்டுச் சிதறும் இராசி ஒளி அது.

படமெடுப்பதானால் முதல் ஒரு மணி நேரம் கேமராவைத் தொடாதீர்கள். பிறகு அகலக்கோண லென்ஸ், திறந்த துளை, 15 முதல் 20 நொடி, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கிச் சரிசெய்துகொள்ளலாம்.

10. வெளியே நிற்கும்போதும், திரும்பும்போதும்

எந்த இடத்தில் நிற்கப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள். இருண்ட இடங்களில் கைப்பேசி இணைப்பை எதிர்பார்க்க முடியாது. பகலிலேயே அந்த இடத்திற்கு ஒரு முறை போய், பள்ளம், கம்பி வேலி, தண்ணீர், விலங்குத் தடம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். சாலையோரத்தில் நின்று வானம் பார்க்க வேண்டாம். வரும் வண்டியின் விளக்கு உங்கள் கண்ணையும், இருட்டில் நிற்கும் நீங்கள் அந்த ஓட்டுநரையும் ஏமாற்றிவிடுவீர்கள்.

கடைசி இரவில் விடியும்வரை விழித்திருக்கவே தோன்றும், ஏனெனில் மாலையில் பார்க்காத பாதி வானம் அப்போதுதான் கிழக்கிலிருந்து ஏறி வரும். அப்படி விழித்திருப்பதாக இருந்தால், மறுநாள் காலை விமானத்தைப் பதிவு செய்யாதீர்கள். விமான நிலையம் பல மணி நேர ஓட்டத்தில் இருக்கும். தூங்காத கண்ணோடு சரளைச் சாலையில் ஓட்டுவது இந்தப் பயணத்திலேயே மிக ஆபத்தான பகுதி. மாலை விமானமாக மாற்றிக்கொண்டு, அறையைப் பிற்பகல் வரை வைத்துக்கொள்ளலாமா என்று முன்னதாகவே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.